பேனாவா, யந்திரமா?

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை. வழக்கம்போல் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரி ஓடுவதற்குள் வலது கைக் கட்டை விரலின் அடியில் சுரீர் என்று ஒரு வலி எழுந்தது. பேனா நழுவித் தரையில் விழுந்து, அதன் முள் வளைந்து போயிற்று. முள்ளை மாற்றிவிடலாம், விரலை மாற்ற முடியுமா?

வைத்தியர் விரலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். "நாற்பது வருஷமாக இந்த விரல் உமக்கு ஊழியம் செய்திருக்கிறது. இனி ஆறு மாதமாவது இதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும்" என்றார். "அப்படியானால் நான் எழுதுவது எப்படி?" என்று கேட்டேன். "இக்காலத்தில் உலகத்தார் எல்லாரும் எப்படி எழுதுகிறார்களோ, அப்படித்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார்.

வீடு திரும்பியதும் என் மருமான் மிகுந்த உற்சாகத்துடன் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் மேஜையின்மேல் வைத்தான். கல்லூரியில் படிக்கும் பிள்ளை, கதைகளும் எழுதுகிறான். "மாமா! இனி உங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. ஒரு வார்த்தை பிடிக்கவில்லையா? ஒரு விசையைத் தட்டினால் போதும், இருந்த இடம் தெரியாமல் போய்விடும்" என்றான்.

"போனது மறுபடி வேண்டுமென்றால் வருமா?" என்று கேட்டேன்.

அவன் முகம் சற்று வாடிற்று. பிறகு உண்மையைச் சொன்னான். போன வருஷம் காலஞ்சென்ற அவன் பாட்டியை, அதாவது என் தாயாரை, வைத்து அவன் ஒரு கதை எழுதினானாம். முதலில் எழுதிய தொடக்கம் பிடிக்காமல் அதை அழித்துவிட்டு இரண்டாவது எழுதினான். அதையும் அழித்து மூன்றாவது எழுதினான். கதை முடிந்த பிறகுதான், எல்லாவற்றிலும் முதல் தொடக்கமே சிறந்தது என்று அவனுக்குத் தோன்றிற்று. தேடினான், அது எங்கும் இல்லை. அதில் பாட்டி பேசுவதாக எழுதியிருந்த நாலு வரிகள் அவள் குரலிலேயே வந்து அமைந்திருந்தனவாம். திரும்ப எழுத எத்தனையோ முயன்றும் அந்தக் குரல் வரவில்லை.

என் பயமோ வேறு வகையானது. கதை எனக்கு மனத்தில் தோன்றுவதில்லை. பேனா முனையில்தான் தோன்றுகிறது. பேனா போனால் கதையும் போய்விடுமோ? இந்தக் கேள்வி என்னை மிகவும் அலைக்கழித்தது. ஆகவே, எனக்கு முன்னால் இதே நிலைமையில் அகப்பட்டுக்கொண்ட பெரிய மனிதர்கள் என்ன செய்தார்கள், அவர்களுடைய எழுத்து என்ன ஆயிற்று என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அந்தத் தேடலின் பலனை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

* * *

உண்மையில் இந்த வழக்கு நேற்று இன்று ஏற்பட்டதன்று. வியாச பகவான் காலத்திலேயே அது தோன்றிவிட்டது. பாரதத்தை மனத்தில் அமைத்துக்கொண்ட வியாசர், அதை எழுதுவதற்கு ஆள் தேடினார். விநாயகர் இசைந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: "என் எழுத்தாணி இடையில் நிற்கக்கூடாது. நீர் நிறுத்தினால் நானும் எழுந்து போய்விடுவேன்!" வியாசர் ஒரு கணம் யோசித்தார். பிறகு அவரும் ஒரு நிபந்தனை போட்டார்: "அப்படியே ஆகட்டும். ஆனால் சொல்லும் சுலோகத்தின் பொருளை அறிந்துகொண்ட பிறகே நீர் எழுத வேண்டும்."

இதன் சூட்சுமம் எல்லாருக்கும் தெரிந்ததே. வியாசருக்கு அடுத்த சுலோகத்தைப் பற்றி யோசிக்க அவகாசம் வேண்டியிருக்கும்போதெல்லாம், முடிச்சுப் போட்ட மாதிரி ஒரு கடினமான சுலோகத்தைச் சொல்லிவிடுவார். விநாயகர் அதன் பொருளை ஆராய்ந்து தலையாட்டுவதற்குள் வியாசருக்கு மேலும் பல சுலோகங்கள் தயாராகிவிடும்.

சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, அது விநாயகரின் வேகத்தைப் புகழ்வதற்காக ஏற்பட்டது என்று நினைத்திருந்தேன். இப்போது விரலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் வேறு விதமாகத் தோன்றுகிறது. இயற்றுகிறவனுக்கு வேண்டியது வேகம் அன்று. நடுவில் நிற்பதற்கு ஓர் இடம். அந்த இடம் தானாகக் கிடைக்காதபோது அவன் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பேனாவுக்கும் யந்திரத்துக்கும் உள்ள வழக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

* * *

தட்டெழுத்து யந்திரத்தின் பிறப்பே ஒரு வேடிக்கையான கதை. அமெரிக்காவில் மில்வாக்கி நகரவாசியான ஷோல்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் சேர்ந்து அமைத்த யந்திரத்தை, துப்பாக்கி செய்வதில் பெயர்பெற்ற ரெமிங்டன் கம்பெனியார் 1873-ல் ஏற்றுக்கொண்டு, மறு வருஷம் கடைக்கு அனுப்பினார்கள். அந்தக் கம்பெனியார் தையல் யந்திரமும் செய்துவந்தபடியால், முதல் தட்டெழுத்து யந்திரமும் தையல் யந்திரத்தைப் போலவே காலால் மிதிக்கும் பலகையுடன் வெளிவந்தது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்களை மட்டுமே அது அடிக்கும். விலை 125 டாலர். எழுத்துக்கள் காகிதத்தின் அடிப்பக்கத்திலிருந்து வந்து பதிந்தபடியால், அடிக்கிறவர் தாம் அடித்த வரியை உடனே பார்க்கவும் முடியாது.

புதுமை எதையும் விடாத ஹாஸ்ய ஆசிரியர் மார்க் ட்வெயின், 1874-ல் பாஸ்டன் நகரத்துக் கடை ஒன்றில் இதைக் கண்டு ஒன்று வாங்கிவிட்டார். சில காலம் அதனுடன் மல்லாடிவிட்டுப் பிறகு அதைக் கைவிட்டார். ஆயினும் மிஸிஸிபி நதியைப் பற்றி அவர் எழுதி 1883-ல் வெளிவந்த புஸ்தகம், தட்டெழுத்துப் பிரதியாக அச்சகத்துக்குப் போன முதல் இலக்கிய நூல்களுள் ஒன்றாகும். இதில் கவனிக்கவேண்டியது என்னவென்றால், அவர் அந்தப் புஸ்தகத்தை யந்திரத்தில் இயற்றவில்லை. கையால் எழுதினார்; வேறொருவர் அதைப் பார்த்து அடித்தார். யந்திரம் அங்கே நகல் எடுக்கும் வேலையை மட்டும் செய்தது.

யந்திரத்திலேயே இயற்றிப் பார்த்தவர்களில் ஜெர்மானியத் தத்துவ ஞானி நீட்சே முக்கியமானவர். அவருக்கு அது ஆசையால் வந்ததன்று. கண்பார்வை மங்கி, ஒரு பக்கம் எழுதினாலும் தலைவலி தாங்காத நிலையில் வந்தது. டென்மார்க்கில் செவிடு ஊமைப் பள்ளியை நடத்திவந்த மாலிங் ஹான்ஸன் என்ற பாதிரியார், பித்தளையில் அரைப் பந்து போன்ற ஒரு யந்திரம் செய்திருந்தார். அதன்மேல் 52 விசைகள் முள்ளம்பன்றியின் முட்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். 1882-ன் ஆரம்பத்தில் நீட்சே அதை வரவழைத்து, ஜெனோவா நகரில் பழகத் தொடங்கினார். விரல்கள் விசைகளின் இடத்தைத் தெரிந்துகொண்டுவிட்டால் கண்ணின் உதவி வேண்டாமல்லவா? ஆனால் பிரயாணத்தில் அடிபட்ட அந்த யந்திரம், மழைக்கால ஈரத்தில் நாடா ஒட்டிக்கொண்டு, சில வாரங்களிலேயே வேலை நிறுத்தம் செய்துவிட்டது.

அந்தச் சில வாரங்களில் அவர் தம் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஓர் அரிய விஷயத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். நாம் எழுதும் கருவி நம் எண்ணங்களை உருவாக்குவதில் தானும் பங்கு கொள்கிறது என்பதே அதன் சாரம். யந்திரம் வந்த பிறகு அவருடைய வாக்கியங்கள் தந்தி வாசகம்போல் சுருங்கிவிட்டன என்று பிற்காலத்தில் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர் 1878-லேயே சிறு சிறு துணுக்குகளாக எழுதத் தொடங்கிவிட்டார். பழியையோ புகழையோ முழுவதும் அந்தப் பித்தளைப் பந்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

* * *

நான் தேடிய கேள்விக்கு மிகத் தெளிவான விடை, ஹென்றி ஜேம்ஸ் என்ற நாவலாசிரியரிடம் கிடைத்தது. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். 1897-ல், அவருக்கு வயது ஐம்பத்துநாலை எட்டும் சமயத்தில், வலது மணிக்கட்டில் வலி கண்டது. என் கதையேதான்! ஒரு நாவலைப் பாதி எழுதிக்கொண்டிருந்தவர், மீதியை வாயால் சொல்லத் தொடங்கினார். முதலில் சுருக்கெழுத்தில் எடுக்கச் சொன்னார். பிறகு நேரே ரெமிங்டன் யந்திரத்திலேயே அடிக்கும்படி செய்துவிட்டார். 1916-ல் காலமாகும்வரை அவருடைய பெரிய நூல்கள் யாவும் இப்படியே பிறந்தன.

அவர் அறையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே சொல்லுவார். 1907 முதல் அவரிடம் வேலை பார்த்த தியோடோரா போஸான்கே என்ற பெண்மணி, யந்திரத்தின் முன் அமர்ந்து அடிப்பார். பிற்காலத்தில், 1924-ல், அந்த அம்மாள் தம் எஜமானர் வேலை செய்த விதத்தைப் பற்றி ஒரு சிறு புஸ்தகம் வெளியிட்டார். அதில் ஒரு ரஸமான சம்பவம் வருகிறது. ஒரு சமயம் ரெமிங்டன் யந்திரம் பழுதாகிவிட, அதன் இடத்தில் வேறு கம்பெனி யந்திரம் ஒன்றை வைத்தார்களாம். ஜேம்ஸுக்கு வாக்கியமே ஓடவில்லை! பழைய யந்திரத்தின் டக்டக் என்ற ஓசைதான் அவருடைய கற்பனைக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாடகருக்குச் சுருதிப் பெட்டி மாதிரி ஆகிவிட்டது அது.

எழுத்து என்ன ஆயிற்று? நீண்டது. வாக்கியங்கள் கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு, அரையடி தூரம் சென்று ஆலம் விழுதுகள்போல் இறங்கின. அவருடைய நண்பர்களிற் சிலர், அந்த நாவலில் எந்த அத்தியாயத்தில் பேனா நின்று வாய் தொடங்கிற்று என்பதைத் தங்களால் கண்டுபிடிக்க முடியும் என்று சொன்னார்கள். ஜேம்ஸும் இதை அறியாதவர் அல்லர். ஏதேனும் ஒரு சிறுகதையைச் சுருக்கமாக முடிக்கவேண்டும் என்று நினைத்தால், வலியையும் பொருட்படுத்தாமல் தாமே பேனாவை எடுத்து எழுதுவார் என்று போஸான்கே அம்மாள் கூறுகிறார். கையால் எழுதும் சிரமம் ஒன்றே சொற்களை அளந்து செலவிடச் செய்யும் என்பது அவருடைய அனுபவம்.

இதைப் படித்ததும் எனக்கு வியாசர் நினைவு வந்தது. பேனா தானாகவே முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறது. மை தீர்கிறது, கை களைக்கிறது, வரியின் ஓரம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மனம் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறது. யந்திரத்துக்குக் களைப்பு இல்லை. அங்கே முடிச்சை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

* * *

ஆனால் யந்திரத்தின் கட்சியையும் கேட்கவேண்டும் அல்லவா? கையெழுத்துப் பிரதியை இயற்றியவன் பெருமையோடு பேசுகிறான். அதைப் படித்துச் சுத்தப் பிரதி எடுத்தவர்களின் கண்கள் என்ன பாடுபட்டன என்று யார் கேட்கிறார்கள்?

டால்ஸ்டாய் தமது பெரிய நாவலான "போரும் அமைதியும்" என்பதை 1863 முதல் 1869 வரை எழுதினார். அவருடைய கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். வரிகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் திருத்தங்கள் மொய்த்துக் கிடக்கும். குழந்தைகளைத் தூங்கவைத்த பிறகு, மனைவி ஸோபியா விளக்கடியில் அமர்ந்து அவற்றையெல்லாம் அழகாகப் பிரதி செய்வார். மறுநாள் அந்தச் சுத்தப் பிரதி கணவரிடம் போகும். அன்று மாலை அது மறுபடியும் கோழி கிளறின குப்பையாகத் திரும்பி வரும்! இப்படி ஒரே பகுதியை எத்தனையோ தடவை அந்த அம்மாள் எழுதியிருக்கிறார். அந்த மகா காவியத்தின் பக்கங்களில் கணவரின் கை எவ்வளவு உண்டோ அவ்வளவு மனைவியின் கையும் உண்டு. அட்டையில் மட்டும் ஒரு பெயர்தான்.

டால்ஸ்டாயின் கடைசிக் காலத்தில் அந்த வேலையை ஒரு ரெமிங்டன் யந்திரம் ஏற்றுக்கொண்டது. மகள் அலெக்ஸாண்ட்ரா அதில் அடிப்பாள். யாஸ்னாயா போல்யானாவில் உள்ள அவர்கள் வீட்டில் ஓர் அறைக்கு "ரெமிங்டன் அறை" என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது. யந்திரம் அந்த வீட்டுப் பெண்களின் கண்களுக்கு ஓரளவு விடுதலை அளித்தது என்றுதான் சொல்லவேண்டும்.

சுத்தப் பிரதியில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் கையெழுத்தில் இருக்கும்வரை நம் வாக்கியம் நமக்குச் சொந்தக் குழந்தை. குற்றம் கண்ணுக்குத் தெரியாது. அதையே அச்சுப் போன்ற எழுத்தில் பார்க்கும்போது அயலார் வீட்டுக் குழந்தையாகிவிடுகிறது. குறும்பெல்லாம் உடனே புலப்படுகிறது. டால்ஸ்டாய் ஒவ்வொரு சுத்தப் பிரதியையும் குதறிப்போட்டதன் ரகசியம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

* * *

இனி நம் தேசத்துக்கு வருவோம். இங்கே பெரிய புஸ்தகங்கள் பலவற்றைப் பேனாவா யந்திரமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எழுதியவர்களுக்கு இருக்கவில்லை. சிறை அதிகாரிகள் தேர்ந்தெடுத்தார்கள்.

லோகமான்ய திலகர் 1908-ல் ஆறு வருஷத் தண்டனை பெற்று, பர்மாவில் மாந்தலே சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே 1910-11 குளிர்காலத்தில், சில மாதங்களுக்குள், "கீதா ரகசியம்" என்ற பெரு நூலை எழுதி முடித்தார். மை கிடையாது; பென்ஸில்தான். தனித்தாள்கள் கிடையாது, பக்கங்களை எண்ணிக் கட்டிய நோட்டுப் புஸ்தகங்கள்தான். எண்ணிக் கொடுத்த தாளில் எழுதுகிறவன் எண்ணி எழுதத்தானே வேண்டும்? 1914-ல் விடுதலையானபோது அந்த நோட்டுக்கள் அவரிடம் உடனே கொடுக்கப்படவில்லை. நண்பர்கள் கலங்கினார்கள். திலகரோ சிறிதும் கலங்காமல், நோட்டுக்கள்தாம் சர்க்காரிடம் இருக்கின்றன, நூல் என் மனத்தில் இருக்கிறது, திரும்ப எழுதிவிடுவேன் என்ற கருத்தில் பதில் கூறினாராம். நல்ல வேளையாக நோட்டுக்கள் வந்து சேர்ந்தன. 1915-ல் நூல் வெளியாயிற்று.

பண்டித ஜவஹர்லால் நேரு 1944 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, ஆமத்நகர்க் கோட்டைச் சிறையில், "டிஸ்கவரி ஆப் இந்தியா" என்ற நூலை எழுதினார். கையெழுத்தில் ஆயிரம் பக்கம்! ஐந்து மாதத்தில் ஆயிரம் பக்கம் எழுதியவரின் கை சோம்பேறிக் கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பேனா என்றால் தாமதம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

இவற்றையெல்லாம்விட அதிசயமானது மகாத்மாஜியின் "ஹிந்த் ஸ்வராஜ்" பிறந்த கதை. 1909-ல் லண்டனுக்குத் தூது சென்று வெறுங்கையோடு திரும்பிய காந்திஜி, "கில்டோனன் காஸில்" என்ற கப்பலில் தென்னாப்பிரிக்காவை நோக்கிப் பிரயாணம் செய்தார். நவம்பர் 13-ந் தேதி முதல் 22-ந் தேதி வரை, பத்தே நாளில், கப்பலில் கிடைத்த காகிதத்திலேயே அந்தப் புஸ்தகத்தைக் குஜராத்தியில் எழுதி முடித்தார். கையெழுத்துப் பிரதி சுமார் 275 பக்கம். வலக்கை சோர்ந்தபோது பேனாவை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். ஏறக்குறைய 40 பக்கங்கள் இடக்கையால் எழுதியவை. அடித்தல் திருத்தல் மிகச் சொற்பம். அதே பிரயாணத்தில், டால்ஸ்டாய் ஓர் இந்தியருக்கு எழுதிய பிரசித்தமான கடிதத்தையும் குஜராத்தியில் மொழிபெயர்த்தார் என்றால், அந்தக் கைகளை என்னவென்று சொல்வது!

வேடிக்கை என்னவென்றால், சிறுவயதில் காந்திஜிக்கு எழுத்துப் பயிற்சியில் அக்கறையே இருந்ததில்லை. பிற்காலத்தில் தென்னாப்பிரிக்க வக்கீல்களின் முத்துப் போன்ற கையெழுத்தைக் கண்டு வெட்கப்பட்டதாகத் தம் சரித்திரத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். குழந்தைகள் எழுதப் பழகுமுன் சித்திரம் வரையப் பழகவேண்டும் என்பது அவருடைய யோசனை. யந்திரத்தைக் கண்டித்த அந்தப் புஸ்தகத்தைக் கையால் எழுதியவரே, தம் வக்கீல் காரியாலயத்தில் தட்டெழுத்து அடிக்கும் பெண்மணிகளை வேலைக்கு வைத்திருந்தார். "ஹிந்த் ஸ்வராஜ்" பம்பாய் சர்க்காரால் தடை செய்யப்பட்டபோது, 1910-ல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தம் நண்பர் காலன்பாக்குக்கு வாயால் சொல்லி எழுதவைத்தார். ஆகவே ஒரே புஸ்தகம் ஒரு பாஷையில் கையாலும், மற்றொரு பாஷையில் வாயாலும் பிறந்தது.

அடித்தல் இல்லாத எழுத்துக்குக் காந்திஜி சாட்சி என்றால், அடித்தலே கலையாக மாறியதற்கு மகாகவி தாகூர் சாட்சி. அவர் தம் கவிதையில் ஒரு சொல்லை அடித்துவிட்டால், அந்தக் கோடு பக்கத்தில் அலங்கோலமாகக் கிடப்பதை அவரால் சகிக்க முடியாது. ஓர் அடித்தலையும் அடுத்த அடித்தலையும் வளைந்த கோட்டால் இணைப்பார். அது ஒரு பறவையாகும். அல்லது பெயரில்லாத ஒரு மிருகமாகும். 1924-ல் தென்னமெரிக்காவில் நோயுற்று, பியூனஸ் அயர்ஸ் நகருக்கருகில் விக்டோரியா ஒகாம்போ என்ற சீமாட்டியின் விருந்தினராக இருந்தபோது எழுதிய "பூரவி"க் கவிதைகளின் நோட்டில் இத்தகைய உருவங்கள் நிறைந்திருந்தன. அவற்றைக் கண்டு வியந்த அந்த அம்மாளே 1930-ல் பாரிஸ் நகரில் தாகூரின் சித்திரக் காட்சிக்கு ஏற்பாடு செய்தார். அறுபது வயதைக் கடந்த பிறகு ஒரு கவி சித்திரக்காரராகவும் ஆனார். அதற்கு வித்து, வேண்டாமென்று அடித்த சொற்கள்! ஒரு விசையைத் தட்டி அவற்றை மாயமாக மறைத்திருந்தால், அந்தப் பறவைகள் எங்கே வந்து உட்கார்ந்திருக்கும்?

* * *

தமிழ் எழுதுகிறவனுக்கு இந்த வழக்கில் தனியான ஒரு சங்கடமும் உண்டு. ஆங்கிலத்துக்கு எழுத்து 26, நமக்கோ 247. ஏறக்குறைய 45 விசைகள் உள்ள யந்திரத்தில் இவற்றை எங்கே வைப்பது? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாய் நாட்டிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்த ஆர். முத்தையா என்ற பெரியார், இந்தப் புதிரோடு பல ஆண்டுகள் போராடித் தமிழுக்கு ஒரு தட்டெழுத்து யந்திரம் அமைத்தார். அவர் கையாண்ட உபாயம் நகராத விசை என்பது. புள்ளிக்கும், "கி" என்பதன் மேல்விலங்குக்கும் உரிய விசைகளைத் தட்டினால் குறி மட்டும் பதியும், காகிதம் நகராது. பிறகு எழுத்தைத் தட்டினால், அது குறியின் கீழே வந்து பொருந்திக்கொள்ளும்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. நாம் கையால் "க்" எழுதும்போது முதலில் "க" போட்டுவிட்டுப் பிறகு புள்ளி வைக்கிறோம். அந்த யந்திரத்திலோ புள்ளி முன்னால் வந்து அந்தரத்தில் காத்திருக்கும். எழுத்து பின்னால் வரும். ஓலைச்சுவடிக் காலத்தில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று அதைப் பெரும்பாலும் வைக்கவே மாட்டார்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையரைப் போன்றவர்கள் புள்ளியில்லாத அந்த ஏடுகளைப் பார்த்து, எது மெய், எது உயிர்மெய் என்று கண்டு பதிப்பிக்கப் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அறிவார்கள். ஓலையில் புள்ளி இல்லை; காகிதத்தில் புள்ளி பின்னால்; யந்திரத்தில் புள்ளி முன்னால். கருவி மாறும்போது எழுதும் முறையே எப்படித் தலைகீழாகிறது பாருங்கள்!

இப்போது கணினி வந்துவிட்டது. தமிழுக்கென்றே "தமிழ்99" என்ற விசைப்பலகை ஏற்பட்டிருக்கிறது. அதைப் பழகியவர்கள் நேரே தமிழிலேயே தட்டுகிறார்கள். ஆனால் என் மருமானும் அவனைப் போன்ற எத்தனையோ இளைஞர்களும் "அம்மா" என்று எழுதுவதற்கு ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து ஆங்கில எழுத்துக்களைத் தட்டுகிறார்கள்! திரையில் தமிழ் வருகிறது. விரலில் ஆங்கிலம் ஓடுகிறது. பாட்டியின் குரல் அவனுக்குத் திரும்ப வராததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அது அநியாயம். ஆயினும் அம்மாவிடம் போவதற்கு அயல்வீட்டு வாசல் வழியாக ஏன் போகவேண்டும் என்று அவனைக் கேட்டேன். "பழக்கமாகிவிட்டது, மாமா" என்றான். பிறகு இரண்டு நாள் தமிழ்99 பலகையின் படத்தை மேஜையில் ஒட்டிவைத்துக்கொண்டு தடவித் தடவி அடித்துக்கொண்டிருந்தான்.

* * *

இந்தக் கட்டுரையின் முற்பாதியை, வைத்தியரின் கட்டளையை மீறி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேனாவால் எழுதினேன். விரல் மீண்டும் வீங்கிவிட்டது. ஆகவே பிற்பாதியை ஜேம்ஸைப் போல் நடந்துகொண்டே சொன்னேன். மருமான் கணினியில் அடித்தான். பேனா எங்கே நின்றது, வாய் எங்கே தொடங்கிற்று என்பதை நேயர்கள் கண்டுபிடிக்கலாம். வாக்கியம் எங்கே நீள ஆரம்பிக்கிறதோ அங்கே சந்தேகப்படுங்கள்.

முதல் நாள் எனக்கு மிகுந்த பயமாயிருந்தது. வார்த்தைகள் வந்தன, ஆனால் நிற்காமல் வந்தன. நான் சொல்லச் சொல்லப் பையன் சளைக்காமல் அடித்துக்கொண்டே போனான். மாலையில் படிக்கச் சொல்லிக் கேட்டால், பாதி வெறும் சத்தம்! இரண்டாம் நாள், கட்டுரையை முடிப்பதற்கென்று ஒரு பிரமாதமான வாக்கியத்தைச் சொன்னேன். "சிருஷ்டி சக்தியின் பிரவாகத்துக்குத் தடையே தாரகம்" என்றோ என்னவோ. டக்கென்று சத்தம் நின்றது.

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றேன்.

"இது எனக்கு அர்த்தமாகவில்லை, மாமா. அர்த்தமாகாததை எப்படி அடிப்பது?" என்றான்.

முதலில் கோபம் வந்தது. பிறகு அதை அவனுக்கு விளக்கிச் சொல்ல முயன்றேன். சொல்லும்போதுதான், எனக்கே அது பாதிதான் அர்த்தமாகியிருந்தது என்று தெரிந்தது. கடைசியில், "நடுவில் நின்று திரும்பிப் பார்க்கிறவனுக்குத்தான் எழுத்து வரும். நிற்கவைப்பது பேனாவாகவும் இருக்கலாம், எதிரில் இருக்கும் ஆளாகவும் இருக்கலாம்" என்றேன். "இது புரிகிறது" என்று சொல்லி அதை அடித்தான். விநாயகர் எனக்கு மருமான் உருவத்தில் வந்து சேர்ந்திருக்கிறார் என்று தைரியம் பிறந்தது.

பையனுக்கு நான் ஏதாவது செய்யவேண்டாமா? என் மேஜை அறையிலிருந்த ஒரு புதிய நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து அவனிடம் கொடுத்தேன். அன்று இரவு இருவரும் கூடத்தில் உட்கார்ந்து, அவன் பாட்டி எப்படிப் பேசுவாள் என்று நினைவுபடுத்திக்கொண்டோம். நான் ஒன்று சொன்னேன், அவன் எழுதினான். "இல்லை, இப்படிச் சொல்லமாட்டாள்" என்று அடித்தான். மறுபடி எழுதினான், மறுபடி அடித்தான். அழிந்துபோன நாலு வரி முழுவதும் கிடைக்கவில்லை. ஒரு வரி கிடைத்தது. அது, மூன்றாவது தடவை அடித்த வரிக்குள்ளேயே இருந்தது. கோட்டின் அடியில் எழுத்துத் தெரிந்தபடியால் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டோம்.